ஒரு காலைப் பலர் சேர்ந்து அமைக்கின்றனர்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

போரில் காலை இழந்த படைவீரர் எவ்வாறு மீண்டும் எழுந்து நடக்கின்றார் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். பால்மரம் வெட்டி வாழும் நமக்குப் படைவீரரின் காலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. கால் இழப்பு என்பது போர்க்களத்தில் மட்டும் நிகழ்வதன்று. மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை இழந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். இனிப்புநீர் நோய் முற்றி, காலில் பட்ட சிறு புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க நேர்ந்தவர்களும் உள்ளனர். அவர்களுள் சிலர் செயற்கைக் கால் பெற்றும் அதனை அணிவதில்லை. கால் வீட்டு மூலையில் சாய்ந்திருக்கின்றது. அதற்கு உரியவர் கட்டிலில் சாய்ந்திருக்கின்றார். ‘கொடுத்த கால் சரியில்லை’ என்பது அவர் கூறும் காரணம்.

கால் சரியில்லாமல் இருக்கலாம். ஆனால், அந்தக் காலைப் பொருத்துவதற்கு முன்பு நடந்திருக்க வேண்டிய வேலைகளும், பொருத்திய பின்பு நடந்திருக்க வேண்டிய வேலைகளும் நடவாமற் போனதே பெரும்பாலும் உண்மையான காரணமாக இருக்கும். ஒரு மனிதரை மீண்டும் நடக்கச் செய்வது செயற்கைக் கால் மட்டுமன்று. பலர் கூடிச் செய்யும் பணியே அவரை நடக்கச் செய்கின்றது. இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் பெரும்பாலும் படைவீரர்களிடமிருந்தே கற்றுக்கொண்டது. அதனை முறையாகக் காண்போம்.

போர்கள் கற்பித்த பாடம்

1861ஆம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், ஜேம்ஸ் ஹாங்கர் என்னும் பதினெட்டு வயது இளைஞர் பீரங்கிக் குண்டினால் ஒரு காலை இழந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்டது ஒரு கட்டைக் கால். அது மடங்காது, வளையாது. அவர் பீப்பாய் செய்யும் பலகைகளைச் செதுக்கி, முழங்கால் மடங்கும்படியான ஒரு காலைத் தமக்குத் தாமே செய்துகொண்டார். பின்னர் அதுவே அவருடைய தொழிலாகவும் ஆயிற்று. அவருடைய ஊக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். காலை அறுத்தவர் ஒருவர். கட்டையைக் கொடுத்தவர் வேறொருவர். நடக்கப் பழக்கியவர் எவருமில்லர். கைத்தொழில் அறிந்த ஒருவர் தப்பினார். அறியாத ஆயிரமாயிரம் பேர் என்ன ஆகியிருப்பர்?

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களுள் ஏறத்தாழ 41,000 பேர் கையையோ காலையோ இழந்தனர். அத்துணைப் பேரை ஊன்றுகோலுடன் வீட்டிற்கு அனுப்பிவிடுவது இயலாத செயல். 1915ஆம் ஆண்டு, குவின் ஹோல்ஃபோர்ட் அம்மையாரின் பெருமுயற்சியால், இலண்டன் நகரை ஒட்டிய ரோஹாம்ப்டனில் குவீன் மேரி மருத்துவமனை நிறுவப்பட்டது. செயற்கை உறுப்புகள் செய்யும் பட்டறைகளும் அங்கேயே அமைந்தன. உறுப்பு செய்பவர் வீரரின் படுக்கைக்கு அருகே வரலாயினர். வீரர் பட்டறைக்கே சென்று ‘இங்கே உராய்கின்றது, இங்கே வலிக்கின்றது’ என்று கூறலாயினர். நடைப் பயிற்சியுடன் தொழிற் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டில், இந்தியப் படைவீரர்களுக்கென்று புனே நகரில் செயற்கை உறுப்பு நிலையம் தொடங்கப்பெற்றது. அது இந்நாள்வரை பணியாற்றி வருகின்றது. 1971ஆம் ஆண்டுப் போரில் இயன் கார்டோசோ என்னும் இந்திய இராணுவ அதிகாரி கண்ணிவெடியை மிதித்துத் தம் காலை இழந்தார். செயற்கைக் காலுடன் படைக்குத் திரும்பிய அவர், தம்மால் மலையேறவும் ஓடவும் முடியும் என்பதை மேலதிகாரிகளுக்கு மெய்ப்பித்துக் காட்டி, காலாட்படைப் பட்டாளம் ஒன்றிற்குத் தலைமை தாங்கினார்; பின்னர் பிரிகேட் ஒன்றிற்கும் தலைவரானார். உறுப்பிழந்த அதிகாரி ஒருவர் இந்தியாவில் அத்தகைய பொறுப்பை ஏற்றது அதுவே முதன்முறை.

நம் நாட்டிற்கும் இந்தத் துன்பம் புதியதன்று. 1968 முதல் 1989 வரை நீடித்த கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக் காலத்தில், வடக்கு எல்லைக் காடுகளில் புதைத்து வைக்கப்பட்ட கண்ணிகளால் நம் படைவீரர் பலர் கால்களை இழந்தனர். ‘ஜெராங்காப் சாமார்’ என்ற சொல்லை அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள்.

கூடிச் செய்யும் பணி

‘குழு மருத்துவம்’ என்றால் என்ன? நீங்கள் அன்றாடம் அறிந்த ஒன்றையே சான்றாகக் காட்டுவோம். ஒரு நல்ல ரப்பர் ஷீட்டு ஒருவர் கையால் மட்டும் உருவாவதில்லை. ஒருவர் பட்டையைப் பதமாக வெட்டுகின்றார். மங்கில் வடிந்த பாலை மழைக்குக் கொடாமல் சேர்க்கின்றார். ஸ்டோரில் ஒருவர் அளவறிந்து அமிலம் சேர்த்து உறைய வைக்கின்றார். ஒருவர் உருளையில் அழுத்துகின்றார். ஒருவர் புகைக்கூடத்தில் உலர்த்துகின்றார். இவர்களுள் எவரேனும் ஒருவர் தம் வேலையில் தவறினால், மற்றவர் உழைப்பும் வீணாகின்றது. கால் இழந்தவரின் மறுவாழ்வும் அப்படிப்பட்டதே.

2001ஆம் ஆண்டிற்குப் பின் ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் நடந்த போர்களில், அமெரிக்கப் படையினருள் 1,600க்கும் மேற்பட்டோர் கை கால்களை இழந்தனர். அவர்களுள் பலர் வாஷிங்டன் நகரின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்தப் பழைய மருத்துவமனை 2011ஆம் ஆண்டு மூடப்பட்டு, அதன் பணி அருகிலுள்ள பெத்தெஸ்டா நகருக்கு மாற்றப்பட்டது. டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரிலும் பொதுமக்கள் நன்கொடையால் கட்டப்பட்ட ஒரு மறுவாழ்வு நிலையம் 2007இல் திறக்கப்பட்டது. இவ்விடங்களில் வீரர் ஒருவரைச் சுற்றி யார் யார் நிற்கின்றனர் என்பதைப் பார்ப்போம்.

முதலில் நிற்பவர் அறுவை மருத்துவர். பால்மரம் வெட்டுவோருக்கு ஆழத்தின் அருமை தெரியும். கத்தி சற்றே ஆழமாகப் பாய்ந்தால் மரம் காயமுறும். பின்னர் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். அறுவை மருத்துவரும் எங்கே வெட்டுவது, எலும்பின் முனையைத் தசையால் எப்படி மூடுவது என்று எண்ணிப் பார்த்தே வெட்டுதல் வேண்டும். முழங்காலைக் காப்பாற்ற முடிந்தால் அது பெரும்பேறு. முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர் நடப்பதற்கு, கீழே இழந்தவரைவிட மிகுதியாக உடல்வலிமையைச் செலவிட வேண்டியுள்ளது.

அடுத்தவர் தாதி. எஞ்சிய கால் வீங்காமலிருக்க அதனை முறையாகத் துணியால் சுற்றுவதும், புண்ணைக் காப்பதும், மூட்டு மடங்கியபடியே இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. இவ்விடத்தில் தாய்மார்கள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். காலெடுத்தவருக்கு இதமாக இருக்குமென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது நம் வழக்கம். அது அன்பினால் செய்யும் தீங்கு. மூட்டு மடங்கியே இறுகிவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த காலும் பின்னர் பொருந்தாது.

மூன்றாமவர் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர். புண் ஆறும் வரையில் இவர் காத்திருப்பதில்லை. இடுப்பு, முதுகு, கைகள், நல்ல கால் ஆகியவற்றை முதலிலேயே வலுப்படுத்துகின்றார். பின்னர் இரு கம்பிகளுக்கிடையே நிற்கவும், எடையை மாற்றவும், அடியெடுத்து வைக்கவும், மேடு பள்ளத்தில் நடக்கவும் பழக்குகின்றார். கீழே விழுந்தால் தாமே எழுவது எப்படி என்பதும் இவர் கற்பிக்கும் பாடமே. விழுவோம் என்னும் அச்சம் நீங்கியவரே நன்றாக நடப்பர்.

நான்காமவர் செயற்கைக் கால் அமைக்கும் வல்லுநர். எஞ்சிய கால் உட்காரும் கிண்ணமே செயற்கைக் காலின் உயிர்நிலை. அச்செடுத்து அதனைச் செய்கின்றனர். வெட்டப்பட்ட கால் முதல் ஆண்டில் சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே முதலில் செய்த கிண்ணம் சில மாதங்களில் தளர்ந்துவிடும். அதனைத் திருத்த வேண்டும். தேவைப்பட்டால் மாற்ற வேண்டும். ஒருமுறை பொருத்தியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதனாலேயே பல கால்கள் மூலைக்குப் போகின்றன.

ஐந்தாமவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். குளிப்பது, உடுப்பது, சமைப்பது, வண்டியோட்டுவது, வேலைக் கருவிகளைக் கையாள்வது ஆகியவற்றை இவர் மீண்டும் கற்பிக்கின்றார். ஆறாமவர் மனநல மருத்துவர். ஏழாமவர் சமூகநல அலுவலர். ஓய்வூதியம், வீட்டு வசதி, குடும்பத்தின் வரவு செலவு ஆகியவை இவர் கவனிப்பில் உள்ளன. இவர்கள் அனைவரையும் மறுவாழ்வுத் துறை மருத்துவர் ஒன்றிணைக்கின்றார். எல்லாரும் கூடிப் பேசுகின்றனர். அப்பேச்சில் நோயாளரும் குடும்பத்தாரும் அமர்கின்றனர். ‘உமக்கு என்ன செய்ய வேண்டும் என்று விருப்பம்?’ என்பதே அங்கு எழும் முதன்மையான கேள்வி. ஒருவர் ஓட விரும்புவார். ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேற விரும்புவார். அதற்கேற்பவே பயிற்சி வகுக்கப்படுகின்றது.

இல்லாத காலில் வலி

மனநல மருத்துவர் எதற்கு என்று ஐயுறுவோர் உண்டு. காலை இழந்தவருக்கு, இல்லாத அந்தக் காலில் வலி தோன்றுவதுண்டு. இல்லாத விரல்கள் மடங்கி இறுகுவது போலவும், பாதம் எரிவது போலவும் தோன்றும். அவர் பொய் கூறவில்லை, பேயும் பிடிக்கவில்லை. மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் இன்னும் இருக்கின்றது. நரம்புகளும் செய்தி அனுப்புகின்றன. அதனால் உண்டாவதே அவ்வலி.

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் என்னும் நரம்பியல் அறிஞர், 1990களில் அமெரிக்காவில் இதற்கு ஓர் எளிய வழியைக் கண்டார். நல்ல உறுப்பை ஒரு கண்ணாடியின் முன் வைத்து அசைத்தால், இழந்த உறுப்பே அசைவது போலக் கண்ணுக்குத் தோன்றும். அதனைக் கண்டு மூளை ஆறுதல் அடைகின்றது. வால்டர் ரீட் மருத்துவமனையில் கால் இழந்த வீரர்களிடம் இம்முறையைச் சோதித்து, 2007ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். நான்கு வாரங்கள் கண்ணாடிப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. எல்லாருக்கும் எல்லா வலியும் இதனால் தீரும் என்று நாம் கூற வரவில்லை. வலியை மறைக்காமல் மருத்துவரிடம் கூறினால் வழி உண்டு என்பதே நாம் வலியுறுத்துவது.

இந்தக் குழுவில் இன்னும் ஒருவர் உண்டு. அவர் சம்பளம் பெறும் மருத்துவர் அல்லர். முன்னரே காலை இழந்து நடக்கக் கற்றவர். பழைய போர்களில் உறுப்பிழந்த முதியவர்கள், புதிதாக வந்த இளைஞரின் கட்டிலருகே வந்து பேசுகின்றனர். நூறு மருத்துவர் கூறும் ஆறுதலைவிட, செயற்கைக் காலுடன் உள்ளே நடந்து வரும் ஒருவரைக் காண்பது பெரிய மருந்து.

கண்ட பயன்

தாய்லாந்தின் பாங்காக் நகரில் பிறந்து, சிறு வயதில் சிங்கப்பூரிலும் வாழ்ந்த டாமி டக்வொர்த் என்னும் அம்மையார், அமெரிக்கப் படையில் ஹெலிகாப்டர் ஓட்டியாகப் பணியாற்றினார். 2004ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் ஈராக்கில் அவர் ஓட்டிய ஹெலிகாப்டர் தாக்கப்பட்டது. வலக்கால் இடுப்பருகிலும், இடக்கால் முழங்காலுக்குக் கீழும் போயின. வலக்கையும் கடுமையாகச் சிதைந்தது. வால்டர் ரீட் மருத்துவமனையில் ஏறத்தாழ ஓராண்டு சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். பின்னர் படைப்பிரிவில் தொடர்ந்து பணியாற்றி, 2014இல் ஓய்வு பெற்றார். 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று அமெரிக்க மேலவை உறுப்பினரானார். அவர் செயற்கைக் கால்களையும் பயன்படுத்துகின்றார். சக்கர நாற்காலியையும் பயன்படுத்துகின்றார். சக்கர நாற்காலியில் அமர்வது தோல்வியன்று. செல்ல வேண்டிய இடத்திற்குச் செல்வதே நோக்கம்.

1980களில் உறுப்பிழந்த அமெரிக்கப் படைவீரர்களுள் நூற்றுக்கு இருவரே மீண்டும் படைப்பணிக்குத் திரும்பினர். 2001 முதல் 2006 வரை உறுப்பிழந்தவர்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல் திரும்பியிருந்தனர். மற்றவர்கள் தோற்றவர்கள் அல்லர். அவர்களுள் படிக்கச் சென்றவர்கள் உண்டு. வேறு தொழில் மேற்கொண்டவர்களும் உண்டு. ஆயினும் படைவேலை போன்ற கடினமான பணிக்கே இத்தனை பேர் மீள முடிந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

‘அது செல்வம் மிகுந்த நாடு, அங்கே மின்னணுக் கருவி பொருத்திய முழங்கால் உண்டு, நமக்கு ஏது?’ என்று கேட்கலாம். அதற்கு விடை இந்தியாவின் ஜெய்ப்பூரில் உள்ளது. 1960களின் இறுதியில், பி. கே. சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும், இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து ஒரு செயற்கைப் பாதத்தைச் செய்தனர். மேனாட்டுப் பாதங்கள் காலணி அணிந்து நாற்காலியில் அமர்வோருக்காகச் செய்யப்பட்டவை. இவர்கள் செய்த பாதமோ, வெறுங்காலுடன் வயலில் நடக்கவும், குந்தி உட்காரவும், சப்பணமிட்டு அமரவும் உதவியது. விலையும் குறைவு. அது எதனால் ஆனது தெரியுமா? ரப்பரால் ஆனது. சூடேற்றிப் பதப்படுத்திய ரப்பரே அந்தப் பாதத்தின் உடல். ஆப்கானிஸ்தான், கம்போடியா போன்ற நாடுகளில் கண்ணிவெடியால் கால் இழந்தோரும் அதனை அணிந்து நடந்தனர். 1981ஆம் ஆண்டு டாக்டர் சேத்திக்கு மக்சேசே விருது கிடைத்தது. படித்த மருத்துவரும் கைத்தொழில் வல்லவரும் ஒருவரையொருவர் மதித்து ஒன்றாக அமர்ந்ததால் விளைந்த பயன் இது. பணம் வேண்டியதுதான், ஆனால் கூடி வேலை செய்யும் மனம் அதற்கு முன் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

நம் நாட்டிலும் வழிகள் உள்ளன. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 1971 முதல் இயங்கிவரும் சொக்சோ, வேலையிடத்திலும் வேலைக்குச் சென்று வரும் வழியிலும் விபத்துக்குள்ளாகும் சந்தாதாரர்களுக்கு உதவுகின்றது. அவ்வுதவி பணத்தோடு நிற்பதில்லை. செயற்கை உறுப்பும் மறுவாழ்வுப் பயிற்சியும் அதில் அடங்கும். வேலைக்குத் திரும்பும் திட்டம் 2007இல் தொடங்கப்பட்டது. 2014இல் மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு நிலையம் பணி தொடங்கியது. நாம் மேலே கூறிய பல துறையினரும் ஒரே இடத்தில் கூடும் நிலையம் அது. நோயால் கால் இழந்தவர்களும் தங்களுக்குரிய உதவியைச் சொக்சோ அலுவலகத்திலும் அரசாங்க மருத்துவமனையிலும் கேட்டறிதல் வேண்டும். சமூகநல இலாகாவில் உடற்குறையுடையோராகப் பதிவு செய்துகொண்டால், செயற்கை உறுப்பு வாங்குவதற்கான உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

குடும்பத்தார் செய்ய வேண்டுவன சில. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புமுன், ‘அடுத்து யாரை எப்பொழுது பார்க்க வேண்டும்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சிய காலின் தோலை நாள்தோறும் பாருங்கள்; சிவப்போ புண்ணோ கண்டால் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கால் தளர்ந்தாலும் இறுகினாலும் மூலையில் வைக்காமல் செய்தவரிடமே எடுத்துச் செல்லுங்கள். இனிப்புநீர் நோய் உள்ளவர்கள் நல்ல காலை இன்னும் கருத்தாகக் காத்தல் வேண்டும். ‘இனி உன்னால் என்ன ஆகும்’ என்னும் சொல்லை வீட்டில் எவரும் சொல்லலாகாது. ‘நீ சும்மா இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பதும் அதற்கு நிகரான சொல்லே.

மேடும் பள்ளமுமான தோப்பில் விடியற்காலையில் மரம் வெட்டுவது, கால் இழந்த எல்லாராலும் இயலாது போகலாம். ஆனால் பால் நிறுத்துக் கணக்கெழுதவும், நாற்று மேடையில் ஒட்டுக் கட்டவும், கடை நடத்தவும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் அவரால் இயலும். அவருக்கு ஏற்ற வேலை எது என்று அவரையும் அமர்த்திக்கொண்டு பேசுவதே குழுவின் கடைசிக் கட்டம். நிருவாகத்தாரும் தொழிற்சங்கத்தாரும் அக்குழுவின் உறுப்பினர்களே.

உங்கள் தோட்டத்தில் கால் இழந்தவர் எவரேனும் வீட்டை விட்டு வெளிவராமல் இருந்தால், அவர் வீட்டிற்கு இந்த வாரமே செல்லுங்கள். அவருடைய கால் எங்கே இருக்கின்றது என்று கேளுங்கள். மூலையில் இருக்கின்றது என்றால், அதனையும் எடுத்துக்கொண்டு அவருடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். படைவீரர்கள் தம் உடலால் விலை கொடுத்து உலகிற்கு உணர்த்திய பாடம், நம் தோட்டத்து மக்களுக்கும் பயன்படட்டும்.